காதை மறந்துவிடவா?

தம்பியின் கைக்கடிகாரத்துக்கு ஒரு பெயர் உண்டு. காது. வாங்கி வந்த அன்று, கடிகாரத்துக்குப் பெயர் வைக்கச் சொல்லி போன் கேட்டது. வேறு யாராக இருந்தாலும் தன் பெயரைத் தட்டியிருப்பார்கள். அவன் கொஞ்சமும் யோசிக்காமல் 'காது' என்று தட்டிவிட்டுத் தனக்குத்தானே சிரித்துக்கொண்டான்.

பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் வயதில் அவனுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது அது அவன் செவியையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது. அதற்குள் வாய் நிறையப் பேசக் கற்றிருந்ததால் பேச்சு மட்டும் தங்கிவிட்டது. சத்தமாகப் பேசுவான், ஒரே சுருதியில். 'உன் காதில் மட்டும் சொல்கிறேன்' என்று அவன் சொல்கிற ரகசியம் மாடிப்படி முழுக்கக் கேட்கும். மற்றவர்கள் பேசுவதை உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வான். ஆனால் ஒரு வார்த்தை மட்டும் அவன் வாயிலிருந்து வந்ததே இல்லை. "கூப்பிட்டேனே, கேட்டுச்சா?" என்று யாராவது கேட்டால், "தெரிஞ்சுது" என்பான். கேட்டது என்று சொல்ல மாட்டான். இல்லாததை இருக்கிறதாகச் சொல்வது அவனுக்கு ஆகாது.

அவனுடைய அக்காவுக்கு அதில் ஒரு பெருமை. அவனைப் பற்றி எதை எடுத்தாலும் அவளுக்குப் பெருமைதான். ரொட்டித் தொழிற்கூடத்தில் தட்டுக் கழுவச் சேர்ந்தவன் இன்று அடுப்புக்கே பொறுப்பு. விடியற்காலையில் அந்த வட்டாரம் முழுவதும் சாப்பிடுகிற ரொட்டி அவன் கையைத் தாண்டித்தான் வெளியே வருகிறது. இதை அவள் பேருந்தில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தவரிடம்கூடச் சொல்லிவிடுவாள்.

அவள் வேலை பார்ப்பது சட்டை தைக்கிற கம்பெனியில், சோதனைப் பிரிவில். தைத்து வருகிற சட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, தொங்குகிற நூலை வெட்டி, பொத்தானை இழுத்துப் பார்த்து அனுப்ப வேண்டும். அவள் கை பட்டுப் போன சட்டை திரும்பி வந்ததாகப் பேச்சே இல்லை. அதனால் அங்கே அவளுக்குப் 'பிசிறு அக்கா' என்று பெயர். கேலிக்கு வைத்ததுதான். ஆனால் அவள் அதைப் பட்டம்போல வைத்துக்கொண்டாள்.

அக்காவும் தம்பியும் ஒரே மாடியில் எதிரெதிர் வீட்டில் குடியிருந்தார்கள். இந்தக் கதவிலிருந்து அந்தக் கதவுக்கு நாலு எட்டு. தம்பி மனைவிக்கு, குழாய் உடைந்தாலும் தண்ணீர் வராவிட்டாலும் ஊர் மக்கள் போன் பண்ணித் திட்டுகிற இடத்தில் வேலை. நாள் முழுக்க முகம் தெரியாதவர்களின் குரலைக் கேட்கிற வேலை. "அதனாலதான் அண்ணி இவரைக் கட்டிக்கிட்டேன். நான் பேசும்போது முகத்தைப் பார்க்கற ஒரே ஆம்பளை இவர்தான். பார்க்கலைன்னா புரியாது, வேற வழியே இல்ல" என்று சொல்லிச் சிரிப்பாள்.

அவர்களுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அழ ஆரம்பித்தால் கட்டடமே நின்று கேட்கும். "எப்படி அழறா?" என்று தம்பி கேட்டான். மனைவி கைகளை விரித்து, தலைக்குமேல் விளக்கு சுழல்வதுபோல விரலைச் சுழற்றிக் காட்டினாள். அன்றிலிருந்து குழந்தைக்குச் 'சைரன்' என்று பெயர் விழுந்துவிட்டது.

அந்தச் சைரனைத் தம்பிக்குச் சொல்வதுதான் காதின் வேலை. தொட்டில் பக்கத்தில் போனை வைத்துவிட்டால், குழந்தை அழுகிற சத்தத்தைப் போன் கண்டுபிடித்துக் கடிகாரத்துக்குச் சொல்லும். கடிகாரம் மணிக்கட்டில் துடிக்கும். தம்பி எந்த மூலையில் இருந்தாலும் ஓடி வருவான். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, ரொட்டி மாவு போனுக்குள் போகிறவரை. தொழிற்கூடத்தில் சட்டைப் பையில் போட்டுக்கொண்டே திரிந்ததில், சத்தம் வாங்குகிற சின்னத் துளைக்குள் மாவு புகுந்து கெட்டிப்பட்டுவிட்டது. போன் மற்ற எல்லாம் செய்தது. சைரன் மட்டும் அதற்கு எட்டவில்லை.

"நல்ல ஜோடி. எனக்கும் கேட்காது, என் போனுக்கும் கேட்காது" என்றான் தம்பி.

அதனால் புதுப் போன் வந்தது. மாவுக்குப் பயந்து அதை வீட்டைவிட்டு வெளியே எடுப்பதில்லை என்று முடிவாயிற்று. பழைய போன் அக்காவுக்குப் போயிற்று. தம்பியின் எந்தப் பொருள் பழசானாலும் அது அக்காவுக்கு. அவளே போட்ட சட்டம் அது. சத்தம் வாங்காத போனை வைத்து என்ன செய்வாய் என்று கேட்டதற்கு, "நான் பேசற சத்தத்துக்குப் போனே தேவையில்ல, கைல சும்மா பிடிச்சுக்கிட்டாப் போதும்" என்றாள். உள்ளே இருப்பதை அழித்துத் தருகிறேன் என்று அவன் சொன்னபோது ஒரே பிடியாக மறுத்துவிட்டாள்.

"நீ வெச்சது வெச்சபடியே இருக்கட்டும்டா. சிம்மை மட்டும் மாத்திக் குடு."

தகராறு அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. புதுப் போனும் கடிகாரமும் ஒன்றையொன்று பார்க்கவே மாட்டேன் என்றன. ஒரு வாரமாக, தம்பி வேலை முடிந்து வந்ததும் குடும்பமே அதைச் சுற்றி உட்கார்ந்தது. போன் தேடிக்கொண்டே இருக்கும். திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். கீழ்வீட்டுக்காரர் டிவி வரும், யாரோ ஒருவருடைய ஸ்பீக்கர் வரும், காது மட்டும் வராது. அணைத்துப் போட்டார்கள். முழுக்க சார்ஜ் ஏற்றினார்கள். போன் கேட்ட அனுமதியெல்லாம் கொடுத்தார்கள். அக்கா ஒரு நாள்கூடத் தவறவில்லை. கம்பெனியிலிருந்து வந்த கையோடு, தோளில் பையோடு அப்படியே வந்து உட்கார்ந்து, திரையில் வருவதை ஒரு எழுத்து விடாமல் படித்துச் சொல்வாள். செய்ததையே மறுபடி செய்யவும் அலுத்துக்கொள்ள மாட்டாள்.

"இதுங்களுக்குள்ள ஜாதகப் பொருத்தம் இல்லைபோல" என்றாள் தம்பி மனைவி.

"மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் தகராறு இல்ல. பொண்ணுதான் தலையே காட்ட மாட்டேங்குது" என்றாள் அக்கா.

சிரித்துச் சமாளித்த நாளெல்லாம் முடிந்து, சிரிக்க முடியாத நாள் வந்தது. தம்பி மனைவி பிரசவ விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்ப வேண்டிய நாள். மாலை நேர வேலை. தம்பி முதல்முறையாகக் குழந்தையோடு தனியாக இருக்கப்போகிறான். அவன் அதற்காகப் பல நாளாகத் தயாராகி வந்தான். பால் கலக்குவது, துணி மாற்றுவது, தூங்க வைப்பது எல்லாம் அவனுக்கு அத்துப்படி. குழந்தை அழுவதைத் தெரிந்துகொள்வது ஒன்றுதான் பாக்கி.

அன்று பிற்பகலிலும் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. தம்பி மனைவி புடவை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள். புறப்படுகிற முகமாக இல்லை.

"போன் பண்ணி இன்னிக்கு வரலைன்னு சொல்லிடறேங்க."

"எதுக்கும்மா?" என்றாள் அக்கா. "நீ கிளம்பு. நான் இருக்கேன்ல. எனக்கு இன்னிக்கு ஓவர்டைம்கூட இல்ல."

தம்பி இருவர் உதட்டையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு தலையை ஆட்டினான்.

"வேண்டாம். என் பொண்ணை நான் பார்த்துக்கறேன். அவ முகத்தையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருப்பேன். கண்ணு சிமிட்ட மாட்டேன்."

"பாத்ரூம் போக மாட்டியா? அவளுக்குப் பால் கலக்கத் திரும்ப மாட்டியா? டேய், நான் என்ன வேத்து ஆளா?"

"நீ வேத்து ஆள் இல்லக்கா, அதான் பிரச்சனையே. நீ இங்க இருந்தா நான் அப்பாவா இருக்க மாட்டேன். உன் தம்பியாவே இருப்பேன்."

அவனுக்குக் குரலைத் தாழ்த்தத் தெரியாது. அத்தனையும் உரக்க வந்து விழுந்தது. அக்கா பையின் வாரைச் சரிசெய்துகொண்டாள். கோபித்துக்கொள்ளலாமா என்று பார்த்தாள். வரவில்லை. அவன் சொன்னதில் தப்பு எதுவும் அகப்படவில்லை, அவள் எவ்வளவு புரட்டிப் பார்த்தும்.

தம்பி கடிகாரத்தையும் போனையும் எடுத்துக்கொண்டு தெருமுனைக் கடைக்கு நடந்தான். போன் ரிப்பேர்க் கடை அது, ஜெராக்ஸும் எடுப்பார்கள். நடத்துகிறவர் தலையில் எப்போதும் பெரிதாக்கிக் காட்டுகிற கண்ணாடியை மாட்டியிருப்பதால் அந்தத் தெருவில் அவரைப் 'பூதக்கண்ணாடி' என்பார்கள். அவன் போன கொஞ்ச நேரத்தில், கடிகாரத்தின் சார்ஜர் மேசைமேலேயே கிடப்பதை அக்கா பார்த்தாள்.

"பாதிவழியில சார்ஜ் தீர்ந்து தொலைச்சா? நான் கொண்டுபோய்க் குடுத்துட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

கடையில் தம்பி நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தான். பூதக்கண்ணாடிக்காரர் இரண்டு பொருளையும் கண்ணாடித் தட்டின்மேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணும் கோளாறு இல்லையே சார்" என்று தம்பிக்குத் தெரியும்படி உதட்டை நன்றாக அசைத்துச் சொன்னார். "போட்ட உடனே வந்துடுச்சு. பாருங்க, 'காது'. நல்ல பேரு. தொடட்டுமா?"

தம்பி எம்பிப் பார்த்தான். ஒரு வாரமாகக் கண்ணில் படாத பெயர் புதுப் போனின் திரையில் பளிச்சென்று இருந்தது. அந்த நேரத்தில்தான் அக்கா மூச்சு வாங்க உள்ளே நுழைந்து, "இந்தாடா, இதை விட்டுட்டு வந்துட்டியே" என்று சார்ஜரை நீட்டினாள்.

பூதக்கண்ணாடிக்காரர் பெயரைத் தொட்டார். வட்டம் சுற்றியது. பெயர் போயே போய்விட்டது.

"என்னங்க இது, இப்பத்தானே இருந்துச்சு?"

அவர் திரும்பத் திரும்பத் தேடினார். டிவி வரவில்லை, ஸ்பீக்கர் வரவில்லை, காதும் வரவில்லை. அக்கா எட்டி நின்று பார்த்தால் சரியாகப் படிக்க முடியாது என்று இன்னும் கிட்டே வந்தாள். அப்போது அவள் பைக்குள் பழைய போன் ஒரு தடவை சிலிர்த்தது. அவள் வழக்கம்போல எடுத்தாள், பார்த்தாள், விரலால் ஒரு தட்டுத் தட்டினாள், உள்ளே வைத்தாள்.

பூதக்கண்ணாடிக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அவளையே பார்த்தார்.

"அக்கா, தப்பா நினைச்சுக்காதீங்க. கொஞ்சம் வெளியில போய் அந்த மருந்துக்கடைவரைக்கும் நடந்துட்டு வர்றீங்களா?"

"நான் என்ன பண்ணினேன்?"

"ஒண்ணும் பண்ணலை. சும்மா ஒரு நடை."

அக்கா நடந்தாள். மருந்துக்கடை வாசலில் நின்று திரும்பிப் பார்த்தபோது அவர் கையை உயர்த்தி, வந்துவிட்டது என்று காட்டினார். வாங்க என்று சைகை செய்தார். அவள் கடைப் படியில் கால் வைத்ததும், போய்விட்டது என்று கையை விரித்தார். போங்க என்றார். போனாள். வாங்க என்றார். வந்தாள். ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்கள் வேடிக்கை பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். தம்பிக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது.

"அக்கா, பேய் ஓட்டறாங்க உனக்கு!"

"அந்தப் பையில என்ன போன் இருக்கு? அதைக் கொஞ்சம் குடுங்க" என்றார் பூதக்கண்ணாடிக்காரர்.

விஷயம் இவ்வளவுதான். கடிகாரம் இன்னும் பழைய போனோடுதான் சேர்ந்திருந்தது. அது பக்கத்தில் இருக்கும்வரை வேறு எந்தப் போன் கண்ணிலும் கடிகாரம் படாது. நல்ல மனதோடு தினமும் உதவிக்கு வந்து பக்கத்திலேயே உட்கார்ந்த அக்காவின் தோளில்தான் அந்தப் பழைய போன் தொங்கிக்கொண்டிருந்தது.

"தானா ஒட்டிக்கிச்சா இது, இல்ல கேட்டுச்சா? கேட்டிருக்கணுமே" என்றார் அவர்.

அக்கா கொஞ்சம் தயங்கினாள்.

"கேட்கும். தம்பி படியேறி வந்தாலும் கேட்கும், அவன் வீட்ல இருக்கும்போது நான் படியேறி வந்தாலும் கேட்கும். 'காது அருகில் உள்ளது, இணைக்கவா?'ன்னு."

"நீங்க என்ன சொல்வீங்க?"

"ஆமான்னு சொல்வேன். என் தம்பி வாட்ச்சு. இல்லைன்னா சொல்வாங்க?"

அவள் சொல்லாமல் விட்டது ஒன்று இருந்தது. பை சிலிர்த்தால் தம்பி வந்துவிட்டான் என்று அர்த்தம். அடுப்பு வேலைக்காரன், பத்திரமாக வீடு வந்து சேர்ந்தான் என்று அந்தப் போன் அவளுக்கு மட்டும் வந்து சொல்லிக்கொண்டிருந்தது. அதற்குத்தான் அவள் தினமும் ஆம் என்று தட்டினாள்.

சின்ன வயதில் இருவரும் பக்கத்துப் பக்கத்துப் பாயில் படுத்திருப்பார்கள். இருட்டில் உதடு தெரியாது. அதனால் அக்கா தன் கட்டைவிரலில் ஒரு நூலைக் கட்டி மறுமுனையை அவன் மணிக்கட்டில் கட்டியிருந்தாள். அவனை எழுப்ப அவள் இழுப்பாள். பயம் வந்தால் அவன் இழுப்பான். கடிகாரம் துடிக்கிற அதே இடம்.

தம்பி அவள் உதட்டில் எல்லாவற்றையும் படித்துவிட்டிருந்தான். "ஊர்ச் சட்டையில எல்லாம் பிசிறு தேடற. சொந்தப் பையில தொங்கறது தெரியலையா?" என்றான், கடை முழுக்கக் கேட்க.

"அழிச்சுத் தர்றேன்னு நீ சொன்னப்பவே கேட்டிருக்கணும்டா" என்றாள். முகம் சிவந்துவிட்டது. ஒரு வாரம் அவன் பட்ட பாடெல்லாம் கண்முன் வந்தது.

பூதக்கண்ணாடிக்காரர் பழைய போனில் எங்கெங்கோ நுழைந்து ஒரு பக்கத்தைத் திறந்து அவளிடம் நீட்டினார். இந்த வேலையை உடைமைக்காரர்தான் செய்ய வேண்டும் என்பது அவர் பழக்கம்.

திரையில் இப்படி இருந்தது: 'காது. இந்தச் சாதனத்தை மறந்துவிடவா?' கீழே இரண்டு பொத்தான். 'ரத்துசெய்.' 'மறந்துவிடு.'

அக்கா படித்தாள். மறுபடியும் படித்தாள். விரல் இறங்கவில்லை.

"வேற வார்த்தை இல்லையா இதுக்கு?"

"கம்பெனிக்காரன் போட்டது அக்கா. நான் என்ன பண்றது?"

தம்பி திரையை எட்டிப் பார்த்தான். அவனுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. தன் வெறும் மணிக்கட்டை நீட்டி, இரண்டு விரலால் அதன்மேல் மெதுவாக இழுத்துக் காட்டினான். நூலை இழுப்பதுபோல. பிறகு அவள் கையைத் தட்டிக்கொடுத்தான்.

அக்கா அழுத்தினாள்.

புதுப் போனில் உடனே காது வந்து நின்றது. போன், கடிகாரம் இரண்டின் திரையிலும் ஒரே எண் வந்தது. அக்கா அந்த எண்ணை ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்து, சரியாக இருக்கிறது என்று சொன்ன பிறகுதான் மற்றவர்கள் கை வைத்தார்கள். கடிகாரம் துடித்தது. தம்பி அதை எடுத்து மணிக்கட்டில் கட்டிக்கொண்டான்.

"அழுதா வேலை செய்யுதான்னு பார்த்துடுவோம்" என்று சொல்லிவிட்டுப் பூதக்கண்ணாடிக்காரர், மீசை வைத்த ஆள், போன் பக்கம் குனிந்து குழந்தைபோல வீறிட்டார். ஜெராக்ஸ் எடுக்க வந்தவர் காகிதத்தைக் கீழே போட்டுவிட்டார். கடிகாரம் அசையவில்லை.

"நடிப்புன்னு போனுக்கே தெரிஞ்சுடுச்சு" என்றாள் அக்கா.

காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார் அவர். உங்களை நடக்கவிட்டு வேடிக்கை பார்த்ததற்கு நான்தான் தர வேண்டும் என்றார். அந்தத் தெருவில் இப்படி ஒரு மனிதர் கடை வைத்திருப்பதற்கு அக்கா வழியெல்லாம் மனதுக்குள் நன்றி சொல்லிக்கொண்டு வந்தாள். அவர் அவளை ஒரு வார்த்தை பழிக்கவில்லை. தம்பியும் பழிக்கவில்லை. தம்பி மனைவி விஷயத்தைக் கேட்டதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டு, "இத்தனை நாளா பொண்ணு தலை காட்டாததுக்குக் காரணம் நாத்தனார்தானா!" என்று சொல்லிக்கொண்டே செருப்பை மாட்டினாள். சைரன் ஒரு தடவை வீறிட்டது. தம்பியின் மணிக்கட்டு துடித்தது. அதைக் கண்ணால் பார்த்துவிட்டு அவள் வேலைக்குப் புறப்பட்டாள்.

அக்கா தன் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினாள். பையைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். நேரத்தோடு வீட்டுக்கு வந்து பல நாளாகிவிட்டது. என்ன செய்வதென்று தெரியவில்லை. அடுப்பைத் துடைத்தாள். துடைத்த அடுப்பையே மறுபடி துடைத்தாள்.

வெளியே விளக்கு ஏற்றுகிற நேரத்துக்கு எதிர்வீட்டில் சைரன் ஆரம்பித்தது.

எப்படி எழுந்தாள், எப்படி நடந்தாள் என்று அவளுக்கே தெரியாது. கை தாழ்ப்பாளில் இருந்தது. இழுத்தால் கதவு திறந்துவிடும். நாலு எட்டு வைத்தால் தொட்டில். அழுகை ஏறிக்கொண்டே போயிற்று. அவன் குளியலறையில் இருக்கிறானோ? போன் தள்ளி இருக்கிறதோ? அவள் நெற்றியைக் கதவில் சாய்த்துக்கொண்டாள். தாழ்ப்பாளை இழுக்கவில்லை.

அழுகை சட்டென்று தணிந்தது. விசும்பலாயிற்று. பிறகு ஒன்றும் இல்லை. அந்த அமைதிக்குள், ஒரே சுருதியில், மாடிப்படி முழுக்கக் கேட்கும்படி தம்பியின் குரல் வந்தது. மகளிடம் ரகசியம் பேசுகிறான்.

"ஒரு ரகசியம் சொல்றேன், யார்கிட்டயும் சொல்லாத. உன் அத்தை இப்ப கதவுக்குப் பின்னாடி நின்னுக்கிட்டு இருப்பாங்க. கை தாழ்ப்பாள் மேல இருக்கும். ஆனா வர மாட்டாங்க. ஏன் தெரியுமா? உன் அத்தை மாதிரி அத்தை யாருக்கும் கிடையாது."

அக்கா தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்துவிட்டாள். எடுத்த கையை என்ன செய்வதென்று தெரியாமல் முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

ஆணியில் மாட்டிய பை சிலிர்த்தது. போனை எடுத்து, கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, ஒரு எழுத்து விடாமல் படித்தாள். தம்பி அனுப்பியிருந்தான்.

'சைரன் அடிச்சுது. கேட்டுச்சு அக்கா.'

அந்த வார்த்தையை அவள் விரலால் தடவிப் பார்த்தாள். அப்புறம் நிதானமாக, பிழை வந்துவிடக் கூடாதென்று ஒவ்வொரு எழுத்தாகத் தட்டிப் பதில் அனுப்பினாள்.

'எனக்கும்டா.'